வேலையை விடாத கதைசொல்லிகள்

தமிழில் குழந்தைகளுக்கு எழுதியவர்களில் பொறியாளர், தொலைபேசித் துறைக்காரர், ரயில்வேக்காரர், மென்பொருள்காரர் என்று தொழில்நுட்பப் பணியிலிருந்து வந்தவர்கள் தனி வரிசையாகவே உண்டு. ஆனால் எழுதுவதற்காகவே அந்த வேலையை ராஜினாமா செய்தவர்களைத் தேடினால் வரிசை சட்டென்று சுருங்கிவிடும். லெனின்கிராடிலும் மும்பையிலும் மத்தியப் பிரதேசத்திலும் நடந்த ஒரு மாற்றம் தமிழ்நாட்டில் வேறு வடிவம் எடுத்தது. அதற்கான காரணங்கள் சம்பளம், குடியிருப்பு, ஓய்வூதியம், அச்சிடும் பிரதிகள் போன்ற சாதாரண விஷயங்களில் இருக்கின்றன. தொழில்நுட்ப வேலையும் வாழ்க்கையும் ஒன்றோடொன்று எவ்வளவு இறுகப் பிணைந்திருக்க முடியும் என்பதைக் காண நெய்வேலி நகரியத்தைப் போல் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் குறைவு.

1930களின் நடுவில், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில், ஜம்புலிங்கம் முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டியபோது நீரோடு கறுப்பாக ஏதோ வெளிவந்தது. அதுவே லிக்னைட் எனப்படும் பழுப்பு நிலக்கரி கண்டறியப்பட்ட வரலாற்றின் தொடக்கம் என்று நெய்வேலியில் சொல்லப்படுகிறது. பின்னர் அவர் 600 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைச் சுரங்கத் திட்டத்துக்குக் கொடுத்தார். துளையிட்டுப் பார்த்த ஆய்வுகள் பல ஆண்டுகள் நடந்தன. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் நிறுவனமாகப் பதிவானது. அது நேருவின் பிறந்தநாள், குழந்தைகள் தினமும்கூட. 1957 மே 20 அன்று நேருவே வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படுகை வெளிச்சம் கண்டது. 1962-ல் அனல்மின் நிலையத்தின் முதல் 50 மெகாவாட் அலகு ஓடத் தொடங்கியது.

இந்தத் தேதிகள் வரிசையாகப் படிக்க எளிதாக இருக்கின்றன. வேலை எளிதாக இருக்கவில்லை. ஒரு டன் நிலக்கரி எடுக்க ஐந்தாறு கன மீட்டர் மேல்மண்ணை அகற்ற வேண்டும். அந்த மண்ணில் கடலூர் மணற்பாறை என்று நிலவியலார் அழைக்கும் கடினமான அடுக்கு உண்டு. அது இயந்திரத்தின் பற்களைத் தேய்த்துத் தின்றுவிடும். நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துகொண்டு மேலெழும். ஜெர்மனியிலிருந்து வந்த வாளிச் சக்கர அகழ்வு இயந்திரங்கள், மைல் கணக்கில் நீளும் கன்வேயர்கள், மண்ணைக் கொட்டிப் பரப்பும் ஸ்ப்ரெடர்கள் என்று திறந்தவெளிச் சுரங்கத்துக்கே உரிய ஒரு இயந்திர உலகம் அங்கே உருவானது. பெரிய இயந்திரத்தில் ஒரு வாளியின் கொள்ளளவு 1,400 லிட்டர். சுரங்கத்திலிருந்து இறைத்த நீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய் வயல்களுக்குப் பாய்ந்தது. குழந்தைக்குச் சொல்லத் தோதான சங்கதிகள் ஒரே ஊரில் இவ்வளவு குவிந்திருப்பது அபூர்வம்: மலையளவு சக்கரம், பூமிக்கடியில் புதைந்த காடு, அடக்க முடியாத தண்ணீர்.

சுரங்கத்தோடு ஊரும் வந்தது. வட்டம் 1, வட்டம் 2 என்று எண்ணிட்ட வட்டங்கள், மரங்கள் வரிசையாக நின்ற சாலைகள், நிறுவனத்தின் பள்ளிகள், மருத்துவமனை, கடைத்தெரு. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் பொறியாளர்கள் வந்தனர். சுற்றுக் கிராமங்களிலிருந்து நிலம் இழந்தவர்கள் தொழிலாளர்களாக வந்தனர். வேலை கிடைக்காதவர்கள் ஊரின் விளிம்பில் தங்கிப்போயினர். உள்ளே இருந்தவர்களுக்கு வாழ்க்கை ஒழுங்காக இருந்தது. ஷிப்டுக்குப் போய் ஷிப்டு முடிந்து திரும்பினால் குவார்ட்டர்ஸ், குழாயில் தண்ணீர், பிள்ளைகளுக்கு நடந்துபோகும் தூரத்தில் பள்ளி. வேலை இருக்கும்வரைதான் அந்த வீடு. ஓய்வு பெற்றாலோ விலகினாலோ குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடலூர், இந்திரா நகர், குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம், கடலூர் என்று எங்காவது மனை பார்க்க வேண்டும். பெருநகரத்தில் ஒருவர் வேலையை விட்டால் அலுவலகத்துக்குப் போவது நிற்கும். நெய்வேலியில் வேலையை விட்டால் வீடு, அண்டைவீட்டார், பிள்ளையின் பள்ளி, மருத்துவமனை அட்டை எல்லாமே நகரிய நுழைவாயிலான ஆர்ச் கேட்டுக்கு உள்ளேயே நின்றுவிடும். பொதுத்துறை நகரியங்களில் எழுத்தார்வம் உள்ளவர்கள் ராஜினாமாவைப் பற்றி நினைக்கத் தயங்கியதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் ஒத்துழைப்பில் கட்டப்பட்டது. அதே சோவியத் நாட்டிலிருந்து அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டுக்கு இன்னொரு சரக்கும் வந்துகொண்டிருந்தது: தமிழில் அச்சான புத்தகங்கள். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம், மீர் பதிப்பகம், பின்னாளில் ராதுகா ஆகியவை வெளியிட்டவற்றை 1951-ல் தொடங்கப்பட்ட நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் விற்றது. அதன் புத்தக வேன்கள் சிற்றூர்களுக்கும் போயின. கெட்டி அட்டை, வண்ணப்படம், சில ரூபாய் விலை. யாகொவ் பெரெல்மானின் ‘பொழுதுபோக்கு பௌதிகம்’ தமிழில் வந்து ஒரு தலைமுறை மாணவர்களைக் கவர்ந்தது. அந்தப் பெரெல்மானே இந்த வரலாற்றுக்குள் வருகிறவர். அவர் படித்தது காட்டியல். 1913-ல் அந்த நூல் ருஷ்ய மொழியில் வெளிவந்த பிறகு வாழ்நாள் முழுவதும் இளையோருக்கு அறிவியல் எழுதினார். 1942-ல் முற்றுகையிடப்பட்ட லெனின்கிராடில் பசியால் இறந்தார்.

தொழில்நுட்பப் பணியிலிருந்து சிறுவர் இலக்கியத்துக்கு வந்தவர்களை ஒரு கூட்டமாகப் பார்க்க வேண்டுமானால் 1920களின் லெனின்கிராடுக்குத்தான் போக வேண்டும். அங்கே அரசுப் பதிப்பகத்தின் குழந்தைகள் பிரிவை நடத்திய சாமுவேல் மர்ஷாக், எழுத்தாளர்களை எழுத்தாளர்களுக்குள் மட்டும் தேடவில்லை. கையால் ஒரு தொழில் செய்தவர், கடலில் போனவர், சோதனைச்சாலையில் நின்றவர் ஆகியோரை அழைத்துவந்து உட்காரவைத்து எழுத வைத்தார். போரிஸ் ஷித்கோவ் அப்படி வந்தவர்களில் ஒருவர். வேதியியல் படித்துப் பிறகு கப்பல் கட்டும் பொறியியல் படித்தவர். பாய்மரக் கப்பலோட்டியாகவும் பணியாற்றியவர். புரட்சிக்குப் பிந்தைய குழப்பத்தில் வேலை தேடி, விரைவில் லெனின்கிராடு எனப் பெயர் மாறவிருந்த பெத்ரோகிராடுக்கு வந்தார், வேலை கிடைக்கவில்லை. பள்ளித் தோழரும் சிறுவர் எழுத்தாளருமான கர்னேய் சுகோவ்ஸ்கியின் வீட்டுக்குப் போனபோது அங்கிருந்த குழந்தைகளுக்குத் தம் கடற்பயணங்களைக் கதையாகச் சொன்னார். குழந்தைகள் விடவில்லை. எழுதிக் கொடுங்கள் என்றார் சுகோவ்ஸ்கி. முதல் கதை 1924-ல் அச்சானபோது ஷித்கோவுக்கு வயது 40-ஐத் தாண்டியிருந்தது. 1938-ல் இறக்கும்வரை அவர் குழந்தைகளுக்காக எழுதிக்கொண்டே இருந்தார். உண்மையில் அவர் வேலையைத் துறக்கவில்லை, வேலைதான் அவருக்குக் கிட்டவில்லை. எழுத்தாளர் வாழ்க்கை வரலாறுகளில் இத்தகைய விவரம் வீரச்செயலாகத் திருத்தப்படுவது வழக்கம் என்பதால் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

மர்ஷாக்கின் தம்பி இல்யா இன்னொரு விதம். வேதிப் பொறியாளரான அவர் 1925-ல் லெனின்கிராடு தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்றுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். மாணவராக இருக்கும்போதே சிறுவர் பத்திரிகைக்கு வேதியியல் பக்கம் எழுதத் தொடங்கியவர். காசநோய் அவரைத் தொழிற்சாலையிலிருந்து விலக்கியது. எம். இலின் என்ற பெயரில் விளக்கு எப்படி வந்தது, கடிகாரம் எப்படி வந்தது, எழுத்து எப்படி வந்தது என்று சின்னச் சின்ன நூல்கள் எழுதினார். 1930-ல் முதல் ஐந்தாண்டுத் திட்டத்தை 12, 13 வயதுப் பிள்ளைகளுக்கு விளக்கி ஒரு நூல் எழுதினார். அது அமெரிக்காவிலும் மொழிபெயர்க்கப்பட்டுப் பெரியவர்களாலும் படிக்கப்பட்டது. மனித குலம் ஆற்றல் பெற்ற வரலாற்றைச் சொல்லி அவர் யெலேனா செகாலுடன் சேர்ந்து எழுதிய நூல் தமிழிலும் கிடைத்தது. அணைக்கட்டு, மின்நிலையம், சுரங்கம் ஆகியவற்றைக் கதாநாயகர்களாக வைத்துக் குழந்தைக்கு எழுதலாம் என்பதை உலகுக்குக் காட்டியவர்களில் இலின் முதன்மையானவர். இந்தியாவின் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் எழுந்த நெய்வேலிக்கு அப்படி ஒரு இலின் வாய்க்கவில்லை என்பது தமிழ்ச் சிறுவர் இலக்கியத்தின் தவறிப்போன வாய்ப்புகளில் ஒன்று.

லெனின்கிராடில் அது நடந்ததற்கு அரசுப் பதிப்பகம் அடிப்படைக் காரணம். பல்லாயிரக்கணக்கில் பிரதிகள் அச்சாயின. எழுத்தாளருக்கு ஊதியம் கிடைத்தது. பொறியாளர் வேலை போனாலும் அடுப்பு எரிந்தது. அந்த அரசே 1937-ல் மர்ஷாக்கின் பதிப்பாசிரியர் குழுவைக் கைதுகளால் சிதறடித்தது என்பதும் இதே வரலாற்றின் பகுதி.

தமிழ்நாட்டில் அதே வேலையைப் பத்திரிகைகள் செய்ய முயன்றன. 1947-ல் அம்புலிமாமா வந்தது. 1950 வாக்கில் கலைமகள் நிறுவனத்தின் ‘கண்ணன்’, ‘பாலர் மலர்’, ‘டமாரம்’, ‘பூஞ்சோலை’, ‘அணில்’ என்று சிறுவர் இதழ்கள் அடுத்தடுத்து முளைத்தன. பெரும்பாலானவை சில ஆண்டுகளில் வாடின. 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை நிறுவிய அழ. வள்ளியப்பா 1941-ல் இந்தியன் வங்கியில் சேர்ந்தவர். பத்திரிகைகளின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றபோதும் சரி, குழந்தைப் பாடல்களால் வீடுதோறும் அறியப்பட்டபோதும் சரி, வங்கி வேலையை அவர் விட்டுவிடவில்லை. 1982-ல் ஓய்வு பெற்ற பிறகே ‘கோகுலம்’ சிறுவர் இதழின் ஆசிரியராக முழுநேரமும் குழந்தை இலக்கியத்துக்கு வந்தார். ‘குழந்தைக் கவிஞர்’ என்ற பட்டம் பெற்றவருக்கே நிலைமை இதுதான். அடுத்து வந்தவர்கள் இந்த வழியையே பின்பற்றியதில் வியப்பில்லை.

முழுநேரமாக எழுதியே வாழ்ந்தவர் இல்லாமல் இல்லை. அரிமளத்தில் 1925-ல் பிறந்த வாண்டுமாமா ஓவியமும் எழுத்தும் கைவந்தவர். ‘கோகுலம்’, ‘பூந்தளிர்’ போன்ற இதழ்களின் வழியாகத் தலைமுறைகளை வளர்த்தவர். அவர் நின்ற தரை பத்திரிகைச் சம்பளம். இதழ் நின்றால் தரையும் நகரும். தமிழில் சிறுவர் எழுத்தையே பிழைப்பாகக் கொள்வதன் எல்லையை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

இந்த இதழ்களுக்கு முன்பே அறிவியலைத் தமிழில் எளிமையாகச் சொல்லும் மரபை ஒருவர் தொடங்கிவைத்திருந்தார். அவர் வழக்கறிஞர்: பெ.நா. அப்புசாமி. 1917-ல் முதல் அறிவியல் கட்டுரை எழுதியவர் தொண்ணூறு வயதைத் தாண்டியும் எழுதினார். அந்த இடத்துக்கு வந்த பொறியாளர் சுஜாதா. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் படித்து, விமானப் போக்குவரத்துத் துறையில் பணியாற்றி, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் உயர்பதவிக்குப் போனவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு கொண்டவர். ஜூனியர் விகடனில் அவர் நடத்திய ‘ஏன்? எதற்கு? எப்படி?’ பகுதி பள்ளி மாணவர்களைக் குறிவைத்துத் தொடங்கப்படவில்லை. ஆனாலும் அதை வெட்டி நோட்டில் ஒட்டிவைத்தவர்களில் மாணவர்களே அதிகம். ‘பூக்குட்டி’ என்ற சிறுவர் கதையும் எழுதினார். சுஜாதாவைத் தொழில்நுட்ப வேலையை விட்டு எழுத்தாளரானவர் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர் புகழின் உச்சியில் இருந்த ஆண்டுகளெல்லாம் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஆண்டுகள்தான்.

வேலையை விட்டவர்களை இந்தியாவில் தேடினால் இரண்டு பெயர்கள் முன்னால் நிற்கின்றன. முதலாமவர் அனந்த் பை. கார்க்களாவில் 1929-ல் பிறந்து மும்பைப் பல்கலைக்கழகத்தில் வேதித் தொழில்நுட்பம் படித்தவர். அந்தப் படிப்புக்கு ஏற்ற வேலையில் நிலைக்காமல் 1954-ல் ‘மானவ்’ என்ற சிறுவர் இதழைத் தொடங்கினார். இதழ் தோற்றது. டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் புத்தகப் பிரிவில் சேர்ந்து, 1964-ல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸில் வேலை செய்தார். 1967-ல் தில்லித் தொலைக்காட்சியில் ஒரு வினாடி வினாவைக் கண்டதாகவும், கிரேக்கப் புராணக் கேள்விக்குப் பதில் சொன்ன குழந்தைகள் ராமனின் தாய் யார் என்ற கேள்வியில் திகைத்ததாகவும் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த ஆண்டே இந்தியா புக் ஹவுஸ் வழியாக அமர் சித்திரக் கதை தொடங்கியது. 1980-ல் ‘டிங்கிள்’ இதழ் வந்தது. 1983-ல் திருச்சி வாசகர் ஒருவர் அனுப்பிய அசட்டுப் பாத்திரம்தான் நாடெங்கும் பரவிய சுப்பாண்டி. தமிழ்க் குழந்தைகள் அவனைப் ‘பூந்தளிர்’ பக்கங்களில் சந்தித்தார்கள். அனந்த் பை தொழில்நுட்பத்தை விட்டார். ஆனால் வந்து சேர்ந்தது இன்னொரு நிறுவனத்தின் சம்பளத்துக்கு. எழுத்தாளர் என்பதைவிடப் பதிப்பாசிரியர், தொழில்முனைவர் என்பதே அவர் செய்த வேலைக்குப் பொருத்தமான பெயர்.

இரண்டாமவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் மின் பொறியியல் படித்து, புனேயில் டெல்கோ நிறுவனத்தில் லாரி தயாரிக்கும் வேலையில் சேர்ந்தவர். 1978-ல் விடுப்பெடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்துக்குப் போனார். அங்கே 1972 முதல் கிராமப் பள்ளிகளில் செய்து பார்த்துக் கற்கும் அறிவியல் திட்டம் நடந்துகொண்டிருந்தது. சோதனைச்சாலை கிடையாது, வாரச்சந்தைதான் சோதனைச்சாலை. தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் சேர்ந்து முக்கோணமாகவும் கனசதுரமாகவும் பிரமிடாகவும் உருவெடுத்தன. வால்வு டியூப் என்பது அன்றைக்கு எந்த சைக்கிள் கடையிலும் மீட்டர் கணக்கில் வாங்கக்கூடிய மெல்லிய ரப்பர்க் குழாய். முக்கோணம் அமுக்கினாலும் குலையாது, சதுரம் சாய்ந்துவிடும். பாலங்களிலும் கூரைகளிலும் முக்கோணங்கள் ஏன் நிறைந்திருக்கின்றன என்பது ஒரு சிறுவனின் விரல்களுக்கே தெரிந்துவிடும். இந்தச் சோதனைகள் 1987-ல் புத்தகமாயின. விடுப்புக்குப் பின் டெல்கோ வேலையில் அவர் நிலைக்கவில்லை. அவருடைய நூல்கள் தமிழ் உள்படப் பல மொழிகளுக்குப் போயின. 2018-ல் பத்மஸ்ரீ விருது வந்தது. பொறியாளர் குழந்தைக்கு எழுதும்போது இலக்கியவாதியால் கொடுக்க முடியாத எதைக் கொடுக்கிறார் என்ற கேள்விக்கு அந்தத் தீக்குச்சி முக்கோணத்தைவிடத் தெளிவான பதில் இல்லை. தாம் கட்டிப் பார்த்ததை அவர் எழுதுகிறார்.

தமிழ்நாட்டில் இந்த வழியை ஒரு தனிமனிதர் எடுக்கவில்லை, ஓர் இயக்கம் எடுத்தது. 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987-ல் ‘துளிர்’ என்ற சிறுவர் அறிவியல் மாத இதழைக் கொண்டுவந்தது. அதில் எழுதிய விஞ்ஞானிகளும் பேராசிரியர்களும் ஆசிரியர்களும் பகலில் தத்தம் வேலையில் இருந்தார்கள். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கட்டுரை எழுதினார்கள். முழுநேரச் சிறுவர் எழுத்தாளர் ஒருவர் செய்திருக்க வேண்டியதைப் பலர் பகுதிநேரத்தில் பங்கிட்டுக்கொண்டார்கள் என்று சொல்லலாம்.

நெய்வேலியைச் சுற்றிய பழைய தென்னார்க்காட்டுப் பகுதியே இந்தப் பங்கீட்டுக்குச் சான்று. கடலூரில் பள்ளி ஆசிரியராக இருந்து எழுதிய இரா. நடராசனின் ‘ஆயிஷா’, அறிவியல் கேள்வி கேட்டதற்காகத் தண்டிக்கப்படும் சிறுமியின் கதை. கணையாழியில் வெளிவந்து பின் சிறுநூலாக எண்ணற்ற கைகளுக்குப் போனது. அவருடைய ‘விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்’ 2014-ல் சாகித்திய அகாடமியின் பால சாகித்திய விருதைப் பெற்றது. விழுப்புரத்துக்கு அருகே வளவனூரைச் சேர்ந்த பாவண்ணன் தொலைபேசித் துறையில் பொறியாளராக இருந்தவர். கர்நாடகத்தில் கேபிள் பதிக்கும் பணியில் ஊர் ஊராகச் சுற்றியவர். கன்னடத்திலிருந்து ‘பருவம்’ நாவலைத் தமிழாக்கி 2005-ல் சாகித்திய அகாடமி மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றவர். சிறுகதையும் கட்டுரையும் எழுதிய அதே கையால் ‘யானை சவாரி’, ‘மீசைக்காரப் பூனை’ போன்ற குழந்தைப் பாடல் தொகுதிகளையும் தந்தார். விருத்தாசலம் வட்டாரத்துக் கண்மணி குணசேகரன் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் மெக்கானிக். அவர் குழந்தைகளுக்கு எழுதவில்லை. ஆனால் நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துப் பெயர்ந்த ஊர்களைப் பற்றிய ‘வந்தாரங்குடி’ நாவல் அவருடையது. வட்டங்களின் ஒழுங்குக்கு வெளியே நின்றவர்களின் கதையை, பணிமனையில் ஸ்பேனர் பிடித்த ஒருவர்தான் எழுத வேண்டியிருந்தது.

தெற்கே கோவில்பட்டியில் உதயசங்கர். ரயில்வேயில் நிலைய அதிகாரியாக இருந்தவர். நள்ளிரவில் வண்டிக்குக் கொடி காட்டும் வேலை சிறுகதைக்கு மட்டுமன்றிக் குழந்தைக் கதைக்கும் இடம்விட்டது. மலையாளத்திலிருந்து சிறுவர் நூல்களை மொழிபெயர்த்ததோடு நில்லாமல் சொந்தமாகவும் ஏராளமாக எழுதினார். பணி ஓய்வுக்குப் பிறகு அந்த எழுத்தின் வேகம் இன்னும் கூடியது. கீழடி அகழாய்வை ஒட்டி எழுதிய ‘ஆதனின் பொம்மை’ என்ற சிறார் நாவலுக்கு 2023-ல் பால சாகித்திய விருது கிடைத்தது.

நெய்வேலி நகரியம் இந்த வரலாற்றில் எழுத்தாளரைவிட வாசகரை உருவாக்கிய ஊராகவே முக்கியமாகிறது. 1998 முதல் நிறுவனமே புத்தகக் கண்காட்சி நடத்தத் தொடங்கியது. வட்டம் 11-ல் லிக்னைட் ஹால் வளாகத்தில், கோடையின் முடிவில், பத்து நாட்கள் அளவில் நடக்கும் அந்தக் கண்காட்சிக்குப் பண்ருட்டி, கடலூர், விருத்தாசலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். எழுத்தாளர்களையும் பதிப்பாளர்களையும் மேடையேற்றிப் பாராட்டும் வழக்கத்தைக் கண்காட்சி நிலைநிறுத்தியது. தினமணி நாளிதழோடு சேர்ந்து நடத்திய சிறுகதைப் போட்டி புதியவர்கள் பலரை வெளிக்கொணர்ந்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்த சூட்டோடு பிள்ளைகள் கையில் காசோடு வருவதால் சிறுவர் நூல் விற்கும் கடைகளுக்கு அங்கே எப்போதும் கூட்டம். சென்னைக்கு வெளியே இவ்வளவு பெரிய கண்காட்சி நடத்த முடியும் என்பதைப் பதிப்பாளர்களுக்குக் காட்டிய தொடக்ககால ஊர்களில் நெய்வேலி ஒன்று. மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா என்ற இன்றைய வழக்கம் அதற்குப் பின் வந்தது.

ஆனாலும் கணக்கு எழுத்தாளருக்குச் சாதகமாக மாறவில்லை. 60 ரூபாய் விலையுள்ள சிறுவர் நூல் 1,000 பிரதிகள் அச்சாகி எல்லாமே விற்று, உரிமைத்தொகை 10 சதவீதம் ஒழுங்காக வந்தாலும் எழுத்தாளர் பெறுவது 6,000 ரூபாய். அந்தப் பிரதிகள் விற்றுத்தீர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம். வண்ணப்படம் வேண்டுமென்றால் செலவு ஏறும்; விலையை ஏற்றினால் பெற்றோர் தயங்குவார்கள். பொது நூலகங்களுக்கு வாங்கும் ஆணை வந்தால் மூச்சுவிடலாம், வராத ஆண்டும் உண்டு. பால சாகித்திய விருதின் தொகை 50,000 ரூபாய். நெய்வேலியில் ஒரு பொறியாளரின் ஒரு மாதச் சம்பளத்தை அது எட்டாது. 1991-ல் சோவியத் ஒன்றியம் குலைந்ததும் மலிவான மாஸ்கோப் புத்தகங்கள் நின்றன. 1980களின் இறுதியிலிருந்து சிறுவர் இதழ்களும் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. லெனின்கிராடில் அரசு கொடுத்த ஊதியத்தையும், மும்பையில் காமிக்ஸ் நிறுவனம் கொடுத்த சம்பளத்தையும் தமிழில் கொடுக்க ஆளில்லை. ஆகவே வங்கியும் ரயில்வேயும் தொலைபேசித் துறையும் தங்களை அறியாமலே தமிழ்ச் சிறுவர் இலக்கியத்தின் புரவலர்களாயின.

அந்தப் புரவலர் ஏற்பாட்டின் கடைசிப் பகுதி ஓய்வூதியம். வள்ளியப்பாவின் தலைமுறையிலிருந்து பாவண்ணன், உதயசங்கர் தலைமுறைவரை அறுபதையொட்டி அலுவலகம் முடிந்துபோகும். கையில் நேரமும் மாதாமாதம் ஏதோ ஒரு தொகையும் இருக்கும். 2003 ஏப்ரல் முதல் தமிழக அரசுப் பணியிலும் 2004 ஜனவரி முதல் மத்திய அரசுப் பணியிலும் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது. நெய்வேலியிலும் நிரந்தரப் பணியிடங்கள் குறைந்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் பெருகினர். 1962-ல் சோவியத் உதவியோடு ஓடத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020-ல் நிறுத்தப்பட்டது.

புதிய தலைமுறையின் தொழில்நுட்ப எழுத்தாளர் மென்பொருள் நிறுவனத்திலிருந்து வருகிறார். விழியன் என்ற பெயரில் எழுதும் உமாநாத் ஒரு மென்பொருள் பொறியாளர். ‘மாகடிகாரம்’, ‘பென்சில்களின் அட்டகாசம்’ ஆகியவற்றின் ஆசிரியர். பள்ளிகளுக்குப் போய்க் கதை சொல்வது, பெற்றோரோடு பேசுவது, மாணவர்களை எழுதவைப்பது என்று அவர் தலைமுறையின் வேலை புத்தகத்துக்கு வெளியேயும் விரிந்திருக்கிறது. 2021-ல் தமிழ்நாடு சிறார் எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் உருவானபோது ரயில்வேயிலிருந்து வந்த உதயசங்கர் தலைவராகவும், மென்பொருள் துறையிலிருந்து வந்த விழியன் செயலாளராகவும் பொறுப்பேற்றார்கள். வங்கி ஊழியர் ஒருவர் 1950-ல் தொடங்கிவைத்த முந்தைய சங்கத்துக்கும் இதற்கும் இடையே எழுபது ஆண்டுகள் ஓடியிருந்தன. சங்கத்தின் வேலைகளும் இன்னும் மாலை நேரங்களிலும் விடுமுறை நாட்களிலுமே நடக்கின்றன.